புதியம்புத்தூரில் எட்டும் முப்பத்திரண்டும்

கோவில்பட்டியில் ரயிலை விட்டு இறங்கியபோது காலை 6.40. ஐப்பசி பிறந்து நான்கு நாள். மழை இன்னும் இல்லை. புதியம்புத்தூர் தையல் ஆலை ஒன்றில் சர்வர் ஊர்கிறது, வந்து பாருங்கள் என்று அழைப்பு. தொலைவிலிருந்தே பார்த்திருக்கலாம். கரிசலையும் பார்க்க ஆசை.

பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ 80 ரூபாய். பசுவந்தனை, ஓட்டப்பிடாரம் வழியாக 45 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், 38 ரூபாய். வலப்பக்க ஜன்னல் நல்லது, வெயில் மறுபக்கம். வெடித்த கறுப்பு நிலம். விதைத்துவிட்டுக் காத்திருக்கும் புஞ்சைகள். காற்றாலைகள்.

முதலாளி காதர் பாய் வாசலிலேயே நின்றார்.

"வாங்க தம்பி. அந்தப் பெட்டியத் தூக்கிக் கடாசிரலாமா? ஒத்த வார்த்த சொல்லுங்க."

தீபாவளிச் சட்டைகள். துணியில் எந்தத் துண்டு எங்கே வரும் என்று சர்வர் கணக்கிட்டால்தான் வெட்ட முடியும். மறுநாள் காலைக்குள் வெட்டிய துணி வராவிட்டால் நாற்பது தையல்காரர்களும் வேறு ஆலைக்குப் போய்விடுவார்கள். கணக்கு ஐந்து மணி நேரம் ஓடி, பதினைந்து சதவீதத்தில் இருந்தது.

சர்வரில் இரண்டு பிராசசர். ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வேலை செய்யும் எட்டு கோர். ஒவ்வொரு கோரும் இயங்குதளத்துக்கு இரண்டாகத் தெரியும். ஆக முப்பத்திரண்டு லாஜிக்கல் பிராசசர். டாஸ்க் மேனேஜர் காட்டியது எட்டு. சர்வர் எழும்போது படிக்கும் பூட் அமைப்பில் யாரோ ஒரு டிக் போட்டு எட்டோடு நிறுத்தியிருந்தார்கள்.

கணினி பார்க்கும் செல்வி மெல்லச் சொன்னார். "நான்தான் சார். கரண்ட் போனா ஒண்ணு விட்டு ஒண்ணு மெஷின நிப்பாட்டுதோம்லா, ஜெனரேட்டர் தாங்கணும்னு? போன கோடையில யூபிஎஸ் தாங்கல. மொதல்ல பிராசசரப் பாதியாக்குனேன். அப்புறம் அதுல பாதி."

பிறகு பெரிய ஜெனரேட்டர் வந்தது. ஆனால் அந்த எட்டு மட்டும் மாறாமல் கிடந்தது.

"ஏட்டி, முப்பத்திரண்டு பேருக்குச் சோறு போட்டு எட்டுப் பேரயா வேல வாங்குத!" பாய் சிரித்தார். நான் அடுத்ததைச் சொன்னதும் பாதியில் நிறுத்தினார்.

மாற்றினால் சர்வரை அணைத்து எழுப்ப வேண்டும். ஐந்து மணி நேரக் கணக்கு போய்விடும்.

"திரும்ப எந்திக்கலன்னா?" பாய் கேட்டார்.

"இப்படியே விட்டா நாளைக்கு மத்தியானம் தாண்டிரும் பாய். கட்டிப்போட்டது நான். நானே அவுக்கேன்."

செல்வியே டிக்கை எடுத்தார். 10.20. கறுப்புத் திரை. ஆறு நிமிடத்தில் சர்வர் எழுந்தது.

டாஸ்க் மேனேஜரில் முப்பத்திரண்டு கட்டங்கள். முதலிலிருந்து ஓட்டிய கணக்கு ஒரு மணி நாற்பது நிமிடத்தில் பழைய பதினைந்து சதவீதத்தைத் தொட்டது. நான்கு மடங்கு இல்லை, மூன்று. போதும்.

இதே வேலைக்குப் போகிறவர்களுக்கு: பிராசசர் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், டிக்கையே எடுத்துவிடுங்கள். பிராசசரைக் குறைத்தால் மின்சாரம் அவ்வளவாக மிச்சமாகாது. செல்விக்கு அதை யாரும் சொல்லியிருக்கவில்லை. தன் ஆலையில் கண்ட வழியை அவர் சர்வருக்கும் செய்தார். எனக்கு அது தவறாகவே படவில்லை.

மறுநாள் காலை 9.15க்குக் காதர் பாய் அழைத்தார். தையல் மெஷின் இரைச்சலில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.