சாமிக்குத் தொப்பி

தேங்காயை அளவாக வைத்துக் குழந்தைக்குத் தொப்பி பின்னலாம் என்று நம்பியவன் நான். ஏற்காட்டுக் குளிரில் இருக்கும் பேத்தியை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கப் போகிறேன். பேருந்து திருச்செங்கோட்டில் நிற்கிறது. என் கையில் குரோஷே ஊசியும் பின்னிய கம்பளித் தொப்பியும்.

பக்கத்து இருக்கைப் பெண் கேட்கிறாள்: "ஏனுங்க, இதைச் சாமிக்குப் போட்டுப் பாக்கட்டுங்களா?"

மலைக்கோயிலை அண்ணாந்து பார்க்கிறேன். சாமிக்குப் போட்டதைத் திருப்பிக் கேட்க முடியுமா? தொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன்.

"சாமிக்கு எதுக்கும்மா கம்பளி?"

"ஏன், சாமிக்குக் குளுராதுங்களா?" சிரித்தபடி முந்தானையை விலக்குகிறாள். மடியில் கைக்குழந்தை. "எங்க சாமி இதுதானுங்க."

என் பேத்தி வயதுதான் இருக்கும். தொப்பியைக் குழந்தைக்குப் போடுகிறேன்; உச்சந்தலையில் நிற்கிறது. இரண்டு காதும் வெளியே.

"உங்கூட்டுச் சாமிக்கு இன்னும் ரெண்டு வரிசை வேணுமுங்க."

சேலம் வந்துவிட்டது. தொப்பியும் காதுவரை வந்துவிட்டது.