பார்வதி அக்கா இழுத்த ஸ்டீயரிங்

இன்று காலை பிரிஞ்சாங் மலை நகரிலிருந்து குமரன் போன் செய்தான். "மாமா, பழைய காரு சாவி திரும்ப மாட்டேங்குது. சுவிட்சையே மாத்தணும்ங்கிறான் மெக்கானிக்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எண்பதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டப் பட்டறையில் நான்தான் ஃபிட்டர். ஒரு மதியம் பார்வதி அக்காவுக்குப் பிரசவ வலி. தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, ஆபீஸ் குமாஸ்தா, எங்கள் பேச்சில் கிராணி, அவரைத் தன் கார் முன்சீட்டில் ஏற்றினார். சாவி திரும்பவில்லை.

நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பெரிய டாக்டர் மாதிரி, "சுவிட்ச் போச்சுங்க கிராணி" என்றேன். எண்ணெய் விட்டேன். சாவியை அரத்தால் ராவினேன். ஒன்றும் நடக்கவில்லை.

"டேய், புள்ள இங்கயே பொறந்துரும் லா!" என்று கத்திய அக்கா, அடுத்த வலியில் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். என் கையிலிருந்த சாவி சட்டென்று திரும்பியது.

சுவிட்சில் கோளாறே இல்லை. சரிவில் வண்டி உருளாமலிருக்க டயரை மேட்டுப் பக்கம் ஒடித்து நிறுத்துவது எங்கள் வழக்கம். அந்த இறுக்கத்தில் ஸ்டீயரிங் பூட்டு சிக்கிக்கொள்ளும், சாவியும் திரும்பாது. ஸ்டீயரிங்கை அசைத்தால் விட்டுவிடும்.

கிராணி எனக்குத்தான் சபாஷ் சொன்னார். நானும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அன்று பிறந்தவன்தான் குமரன். "உங்கம்மாவக் கேளுடா" என்று போனை வைத்துவிட்டேன்.

ஐந்து நிமிடத்தில் அக்காவே அழைத்தார். "காரு கெளம்பிருச்சு. இத்தன வருஷம் கழிச்சாவது உண்மைய ஒத்துக்கிட்டியே லா!"

இப்படித் திருட்டு சபாஷ் வைத்திருப்பவர்கள் கீழே கமெண்டில் வந்து ஒப்படைக்கலாம்.