ஒரே கடிகாரமும் மூதூர்ப் படகும்

புரோகிராம் எழுதும் தொழிலில் சிங்கிள்டன் என்பது வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை மாதிரி; ஆள் ஒருவர்தான், வீடு முழுக்க அவர் சொற்படி ஆடவேண்டும். அதற்கு டெஸ்ட் என்ற சோதனைப் புரோகிராம் எழுதி நொந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு: புரோகிராம் முழுவதற்கும் ஒரே பொருள்தான், எல்லாப் பகுதியும் அதையே பாவிக்கவேண்டும் என்று கட்டிவைத்த அமைப்பு அது.

சண்டைக் காலத்தில் திருகோணமலை துறைமுகத்தடியில் எங்கள் அலுவலகம். கடலுக்கு அக்கரையிலுள்ள மூதூருக்குப் போகும் படகுக்கு டிக்கட் புரோகிராம் எழுதினோம். படகுக்காரர் ஹனீபா காக்கா கேட்டது ஒன்றுதான்: ஊரடங்கு தொடங்கிய பிறகு அக்கரையில் ஒருவரும் இறங்கக்கூடாது. பட்டணத்தில் படிப்பிக்கும் அவருடைய மகள் தினமும் கடைசிப் படகில்தான் வீடு திரும்புவார்.

நிரம்பிய படகு

இருப்பது ஒரு படகு; ஆகவே அதைச் சிங்கிள்டனாக்கினேன். முதல் டெஸ்ட் படகை நிரப்பி, மேலும் ஒருவர் வந்தால் மறுக்கிறதா என்று பார்த்தது. சரி. அடுத்தது ஓர் ஆசனம் கேட்டது. தோல்வி. அதையே தனியாக ஓட்டினால் வெற்றி. இதென்ன விந்தை என்று காலை முழுக்கக் குடைந்தேன். கூட வேலை செய்த சுகந்தி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, முதல் டெஸ்டில ஏத்தின சனம் இன்னும் இறங்கேல்லை."

நடுப்பகலில் ஆறு மணி

புரோகிராமின் கடிகாரமும் சிங்கிள்டன், கணினியின் நேரத்தைத்தான் சொல்லும். ஆறு மணி ஊரடங்கைச் சோதிக்க ஆறு மணிவரை இருக்கவேண்டும். ஊரடங்குக்கு முன் சாம்பல்தீவு வீட்டுக்குப் போகவேண்டிய சுகந்தி, அது தனக்கு ஏலாது என்றுவிட்டாள். அவள் சொன்னதும் நியாயம்தான். எனவே மத்தியானமே கணினியில் மணியை ஆறுக்குத் தள்ளினேன். அந்தப் பக்கம் வந்த முகாமையாளர் திரையில் ஆறு மணியைப் பார்த்து, ஊரடங்கு வந்துவிட்டதென்று பதறி, சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். வாசலில் கண் கூசியதும் நின்றார்.

"அப்ப வெய்யில்தான் பிழையோ?"

வெளியிலிருந்து கொடுத்த நேரம்

கடைசியில் சிங்கிள்டனைக் கழற்றினோம். டிக்கட் கொடுக்கும் பகுதிக்குக் கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுத்தோம். டெஸ்டுக்கு, சொன்ன நேரத்தில் நிற்கும் பொய்க் கடிகாரம். பிறகு ஆசை விடுமா? ஒவ்வொரு நேரமாக வைத்துப் பார்த்தோம். ஐந்தேகாலுக்கும் டிக்கட் கொடுத்தது. கடலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். படகு புறப்படும் நேரத்தைப் பார்த்த நாங்கள், போய்ச் சேரும் நேரத்தைப் பார்க்கவில்லை; பழைய கடிகாரத்தோடு ஆறு மணியை மட்டுமே சோதித்திருந்தோம்.

ஒரு கிழமையாக அந்தப் புரோகிராம்தான் கவுண்டரில் ஓடிக்கொண்டிருந்தது. ஹனீபா காக்காவைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவர் திரையிலிருந்த ஐந்தேகாலை விரலால் தொட்டார்.

"இந்தக் கிழமை முழுக்க மகள் ஊரடங்குக்குப் பயந்து இறங்குதுறையில இருந்து ஓடித்தான் வாறவ, தம்பி. படகு பிந்துறதுக்கு நான் காத்தையெல்லோ ஏசினனான்."

சிங்கிள்டன் ஒன்றேதான், அதனால் ஓடவேண்டி வருகிறவர்கள்தான் பலர்.