இலக்கு இரண்டு, கிடைத்தது கழித்தல் ஒன்று

ஒரு பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு நிலையத்தில் நான் மேனேஜராக இருந்தேன். உச்சிப்புளிக்குக் கிழக்கே, ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இரண்டு ஓட்டுக் கட்டடங்கள். ஒன்றில் ஆய்வுக்கூடம், மற்றொன்றில் நானும் என் ஃபைல்களும். ஆய்வு நிலையத்தில் ஆய்வுக்கூடம்தான் முக்கியம் என்று வந்துபோகிறவர்கள் நினைத்தார்கள். எனக்கு அந்தத் தவறான எண்ணம் ஒருநாளும் இருந்ததில்லை. மீன் இல்லாமல் ஒரு மாதம் நிலையத்தை நடத்திவிடலாம், ஃபைல் இல்லாமல் ஒரு நாள்கூட நடத்த முடியாது என்று டைரியில் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருக்கிறேன்.

டைரி எழுதுவது என் பழக்கம். காலையில் வந்த தபால், போன தபால், யார் விடுப்பு, எந்தப் பூட்டுக்கு எண்ணெய் போட்டது எல்லாம் அதில் இருக்கும். இப்போது எடுத்துப் புரட்டினால் ஒன்று தெரிகிறது. அத்தனை வருடம் கடலோரத்தில் இருந்தவன் கடலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. உப்புக்காற்றில் டைப்ரைட்டர் துருப்பிடித்தது என்று எழுதும் இடங்களில் மட்டும் கடல் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது.

அணா போய் நயா பைசா வந்த புதிது. நாடே ஐந்தாண்டுத் திட்டம் என்று பேசிக்கொண்டிருந்தது. எங்கள் பல்கலைக்கழகமும் ஒவ்வொரு துறையும் ஐந்தாண்டுத் திட்டம் அனுப்ப வேண்டும் என்று அச்சடித்த படிவங்களை அனுப்பியது. இடது ஓரத்தில் வேலையின் பெயர், அதற்கு எதிரே ஐந்து வருடத்துக்கு ஐந்து கட்டங்கள், கடைசியில் வேண்டிய தொகை. அடியில் குறிப்பு: எண்ணால் காட்டப்படாத வேலைக்கு ஒதுக்கீடு இல்லை, ஆண்டுக்கு ஆண்டு முன்னேற்றம் தெரிய வேண்டும்.

நிலையத்தின் தலைவரை நாங்கள் புரொபசர் என்போம். நண்டு ஆராய்ச்சி செய்கிறவர். படிவத்தை நண்டைப் பிடிப்பது போல ஓரமாக இரண்டு விரலால் பிடித்து என்னிடம் கொடுத்து, நீங்களே போட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்கு வாழ்க்கையிலேயே இவ்வளவு பெரிய மரியாதை கிடைத்ததில்லை. ஒரு வாரம் ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். புத்தகம், கண்ணாடி ஜாடி, ஸ்பிரிட், வலை, படகுக்குத் தார் எல்லாம் கட்டங்களில் அழகாக ஏறிக்கொண்டே போயின. ஒரு வரிசை மட்டும் காலியாக நின்றது. வேலையின் பெயர்: புதிய மீன் இனங்கள் கண்டறிதல்.

அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர் ஓர் இளம் பெண். ராமேஸ்வரம் தீவில் கடல் தொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, சென்னைக்குப் போய் விலங்கியல் படித்துவிட்டு மறுபடி கடலுக்கே வந்தவர். பாறைகளை ஒட்டித் திரியும் கிளிமீன்களை ஆராய்ந்தார். அவருடைய வேலை தற்காலிகம். வருடா வருடம் மார்ச் கடைசியில் முடியும். பல்கலைக்கழகம் நீட்டித்தால்தான் ஏப்ரலில் அவருக்கு மேசை. புதிய திட்டத்தில் அந்த வரிசைக்கு ஒதுக்கீடு கிடைக்காவிட்டால், கடலில்லாத ஏதோ ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் தவளை வரைந்துகொண்டிருக்க வேண்டியதுதான். இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவரைக் கூப்பிட்டு, ஆண்டுக்கு எத்தனை புதிய இனம் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். கேலியாகக் கேட்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் கேட்டேன்.

"அது எப்படி சார் இப்பவே தெரியும்?"

"உத்தேசமாச் சொன்னாப் போதும்மா."

"உத்தேசமான்னா பூஜ்யம் போட்டுக்கங்க."

பூஜ்யம் போட்ட கட்டத்துக்குப் பணம் வராது என்று விளக்கினேன். அவர், படகு காத்திருக்கிறது, போறேன் சார் என்று கிளம்பிவிட்டார். நானே போட்டேன். முதல் ஆண்டு இரண்டு, அடுத்து மூன்று, பிறகு நான்கு, ஐந்து, ஆறு. முன்னேற்றம் தெரிய வேண்டும் அல்லவா. ஐந்தாம் ஆண்டில் ஏழு போடலாமா என்று யோசித்து, பேராசை வேண்டாம் என்று விட்டதையும் டைரியில் குறித்திருக்கிறேன்.

திட்டம் பாராட்டுடன் திரும்பி வந்தது. எல்லாத் துறைகளிலும் கட்டங்கள் ஒன்றுகூடக் காலியில்லாத படிவம் எங்களுடையதுதானாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இலக்கு எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று அறிக்கை அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். முதல் அறிக்கையில் 'பணி நடைபெறுகிறது' என்று எழுதினேன். இரண்டாவதில் 'பணி தீவிரமாக நடைபெறுகிறது'. மூன்றாவதில் 'பணி மிகத் தீவிரமாக' என்று எழுதியபோது எனக்கே கொஞ்சம் வேர்த்தது. தினமும் சாயங்காலம் படகு வந்ததும் ஆய்வுக்கூட வாசலில் போய் நின்று, இன்றைக்கு ஏதாவது புதிதாக வந்ததா என்று கேட்க ஆரம்பித்தேன். படகோட்டி மண்டபம் ஊர்ப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் பாய். அவர் ஒருநாள், மேனேஜருக்குக் கொழம்புக்கு மீன் வேணும் போல, கேட்கக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு இரண்டு கிளிமீனை இலையில் சுற்றிக் கொடுத்துவிட்டார். நான் சைவம்.

ஜனவரி மாதம் அந்தப் பெண் என் அறைக்குத் தானாகவே வந்தார். இரண்டு ஜாடிகளை மேசைமேல் வைத்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். இரண்டு ஜாடி, இரண்டு இனம், இலக்கு இரண்டு என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது.

"பாத்தீங்களா சார், இந்த ரெண்டையும்? ரெண்டு பேரு வச்சு, ரெண்டு இனம்னு புஸ்தகத்துல இருக்கு. ரெண்டும் ஒண்ணுதான்."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். கடலில் ஒன்று பச்சையும் நீலமுமாகப் பளிச்சென்று இருக்கும், மற்றது செம்மண் நிறத்தில் மங்கலாக இருக்கும். அதனால் பழைய நிபுணர்கள் இரண்டு இனம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இவர் மூன்று வருடமாக அறுத்துப் பார்த்ததில், மங்கலான மீன்களில்தான் சினை இருந்தது. பளிச்சென்றவற்றில் ஒன்றில்கூட இல்லை. அது ஆண், இது பெண். செதில், பல், முள் எல்லாம் ஒத்துப்போகின்றன. ஓர் இனத்துக்கு இவ்வளவு காலம் இரண்டு பெயர். புரொபசர் நண்டுகளை விட்டுவிட்டு வந்து பார்த்து, இது பெரிய வேலை என்று சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கேட்கத் தோன்றிய கேள்வி ஒன்றுதான்.

"அப்ப, மொத்தத்துல ஒண்ணு குறையுதா?"

"ஆமா சார்."

"வேற ஏதாவது ஒண்ணை ரெண்டாப் பிரிக்க முடியுமாம்மா?"

அவர் ஜாடிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் உட்கார்ந்து, ஆண்டு அறிக்கையில் இலக்கு இரண்டு என்பதற்கு எதிரே என்ன எழுதுவது என்று யோசித்தேன். பூஜ்யம் என்று எழுதினால் பொய். மாடு மாதிரி உழைத்து ஒன்றைக் கழித்திருக்கிறார். ஒன்று என்று எழுதினாலும் பொய். கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்ற என் வியாதி கடைசியில் வென்றது. கழித்தல் குறி போட்டு ஒன்று என்று எழுதினேன். குறி தெளிவாகத் தெரியட்டும் என்று ஸ்கேல் வைத்துப் போட்டேன்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி, "ஒரு புள்ளயோட பொழப்புல கோடு போட ஸ்கேல் வேறயா?" என்று கேட்டாள். அன்றிரவு தூக்கம் சரியில்லை.

பிப்ரவரியில் பல்கலைக்கழகத்தில் திட்டக் குழு கூடியது. புரொபசரும் நானும் ரயிலேறிப் போனோம். அந்தக் கிளிமீன் முடிவின் அருமையை விளக்கி நான் பதினாறு பக்கக் குறிப்பு தயாரித்திருந்தேன், பின்னிணைப்பு தனி. யாரும் அதைத் திறக்கவில்லை. நீண்ட மேசையின் கோடியில் நிதி அதிகாரி இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படிவத்தின் எண்களை விரலால் தொட்டுக்கொண்டே வந்தவர், அந்தக் கட்டத்தில் நின்றார்.

"இதென்ன, கோடு அடிச்சிருக்கீங்க?"

"கோடு இல்லீங்க. கழித்தல்."

"எழுதுனதுல தப்பா?"

தப்பு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் ஸ்கேல் வைத்துப் போட்டவன் நான். தப்பு இல்லை என்றேன். அப்படியானால் ஒரு வருடச் சம்பளம் கொடுத்து இருந்ததையும் ஒன்று தொலைத்திருக்கிறீர்களா என்று அவர் கேட்டார். மேசையைச் சுற்றிச் சிரிப்பு. புரொபசர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். விஞ்ஞானம் எதுவும் வரவில்லை; எனக்குத் தெரிந்ததுதான் வந்தது. ஒரே மீனை இரண்டு இனம் என்று நினைத்து இத்தனை காலம் இரண்டு வரிசை ஜாடி வைத்திருந்தோம், இரண்டு பங்கு ஸ்பிரிட் ஊற்றினோம், அலமாரியில் இரண்டு தட்டு போயிற்று, இனிமேல் ஒன்று போதும் என்றேன்.

அந்த மாதம்தான் எல்லாத் துறைகளும் செலவைக் குறைக்க வேண்டும் என்று சுற்றறிக்கை போயிருந்தது. ஒரு துறையும் எதையும் குறைக்கவில்லை போலிருக்கிறது. நிதி அதிகாரி கண்ணாடியைக் கீழே இறக்கி என்னை முதல் முறையாகப் பார்த்தார். "இப்படித்தான் இருக்கணும்" என்றார். புரொபசர் விட்டத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

கூட்டக் குறிப்பு மார்ச்சில் தபாலில் வந்தது. 'இனங்களின் எண்ணிக்கையைக் குறைத்துச் சிக்கனம் காட்டிய கடல் ஆய்வு நிலையத்தைக் குழு பாராட்டுகிறது. ஆராய்ச்சியாளர் பணியை நீட்டிக்கலாம்.' நான் அதை ஒரு வெற்றிக் கோப்பை போல எடுத்துப்போய் அவரிடம் கொடுத்தேன். அவர் நின்றபடியே படித்தார்.

"மூணு வருஷம் மீனை அறுத்து நான் ஜாடி மிச்சம் புடிச்சுக் குடுத்திருக்கேன். அதான சார்?"

திருத்தம் கேட்டு ஒரு விளக்கக் கடிதம் எழுதட்டுமா என்றேன்.

"வேணாம் சார். நீங்க விளக்குனா வேலை போயிரும்."

அதற்குப் பிறகு பல நாள் அவர் என்னிடம் பேசவில்லை. குறிப்பில் நீட்டிக்கலாம் என்று இருந்ததே தவிர, நீட்டித்து ஆணை வரவில்லை. மார்ச் கடைசி நாளும் போயிற்று. ஏப்ரல் முதல் நாள் காலையில்தான் தந்தி வந்தது: நீட்டிக்கப்பட்டது, இன்று முற்பகல் பணியேற்க வேண்டும். முற்பகலில் கையெழுத்துப் போடாவிட்டால் பணியில் முறிவு. முறிவு வந்தால் புதிதாக விண்ணப்பம், புதிதாகக் குழு, அந்தக் கழித்தல் குறியை மறுபடி யாராவது விரலால் தொடுவார்கள்.

ஆய்வுக்கூடத்தில் அவர் இல்லை. வேலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிலையிலும், நீர் வற்றும் நேரம் என்று பாயைக் கூட்டிக்கொண்டு பாறைக்குப் போய்விட்டார். கரையிலிருந்து பார்த்தால் படகு சின்னதாகத் தெரிந்தது. துண்டை எடுத்து வீசினேன். பாய் பதிலுக்குத் தன் துண்டை வீசினார். நலம் விசாரிக்கிறேன் என்று நினைத்திருப்பார். பணியேற்பு அறிக்கையை டைப் அடித்து, மூன்று படிகளையும் அட்டையில் கிளிப் போட்டு, பேனாவைப் பாக்கெட்டில் குத்தி, செருப்பை ஜோடி சேர்த்துக் கரையில் வைத்துவிட்டுக் கடலில் இறங்கினேன். அந்த நிலையத்தில் சேர்ந்த பிறகு என் காலில் கடல் பட்டது அதுதான் முதல் முறை.

தண்ணீர் முழங்கால் வரை இருந்தது, பிறகு தொடை. அட்டையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டேன். என்னைக் கண்டதும் பாய் படகிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

"மேனேஜரய்யா, இங்கன பாறை வழுக்கும். காலை நவுத்தி நவுத்தி வாங்க. தங்கச்சி, இங்க பாரு யாரு வாராகன்னு."

வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாகப் போய்ச் சேர்ந்தேன். ஆணை வந்திருக்கிறது என்றேன். மூச்சு வாங்கியதில் அதையே இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஈரக் கையைப் பாயின் துண்டில் துடைத்துக்கொண்டு, அட்டையைப் படகின் விளிம்பில் வைத்து மூன்று படியிலும் கையெழுத்துப் போட்டார். மூன்றாவதில் ஒரு சின்ன அலை தெறித்தது. நான் அலையைக் கடிந்துகொண்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"வந்தது வந்துட்டீக, இதுல பாருங்க சார்."

அடியில் கண்ணாடி பதித்த மரப்பெட்டி ஒன்றைத் தண்ணீரில் வைத்துப் பிடித்துக்கொண்டார். குனிந்து பார்த்தேன். ஜாடியில் இரண்டும் ஒரே தவிட்டு நிறமாகக் கிடந்ததைத்தான் நான் பார்த்திருக்கிறேன். இங்கே ஒன்று மயில் கழுத்து நிறத்தில் பாறையைக் கொறித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் சில மங்கலானவை. எவ்வளவு பார்த்தும் ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒரு சம்பந்தமும் தெரியவில்லை.

"எனக்கு ரெண்டும் வேற வேறயாத்தாம்மா தெரியுது."

"எல்லாருக்கும் அப்படித்தான் சார் தெரிஞ்சது."

அப்போதுதான் அவர் மூன்று வருடம் என்ன செய்தார் என்பது எனக்கு விளங்கியது. பதினாறு பக்கக் குறிப்பு எழுதியவனுக்கு, பின்னிணைப்போடு.

திரும்பும்போது நிஜமாகவே வழுக்கி விழுந்தேன். அட்டை பிடித்த கை மட்டும் மேலேயே நின்றதாகப் பாய் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அறிக்கை அன்றைய தபாலில் போயிற்று. பத்து நாள் கழித்து மூன்றாவது படி மட்டும் திரும்பி வந்தது: கையெழுத்தின்மேல் உள்ள கறை என்ன, விளக்கம் தேவை. வழக்கமாக இப்படி ஒன்று வந்தால் எனக்கு அரை நாள் வேலை. அன்று 'கடல் நீர்' என்று இரண்டே சொல் எழுதி அனுப்பினேன். மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த மாதச் சம்பளப் பட்டியலில் அவர் பெயரை நானே டைப் அடித்தேன்.