படம் பார்த்துவிட்டுச் சாவி கேட்டவர்கள்

போன மழைக்காலத் தொடக்கத்தில் எங்கள் எஸ்டேட் கிளப்பில் போதையைப் பற்றி ஒரு படம் போட்டார்கள். எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும் என்று ஆள் விட்டுச் சொன்னார்கள். போனோம், பார்த்தோம், அழுதோம். அழுததோடு விட்டிருக்கலாம்.

அப்போது என் தம்பி சிகிச்சை முடிந்து வந்து நாலு மாதம். வெளியூருக்கு வேலைக்குப் போன இடத்தில் போதைப்பொடி பழகி, எலும்பும் தோலுமாகத் திரும்பியவன். "சும்மா உக்கார விடாதீங்க, ஏதாவது பொறுப்பு குடுங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பொறுப்பு தானாகவே வந்தது. எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே எட்டு வீடு. காலையில் பெண்கள் கொழுந்து எடுக்கப் போய்விடுவார்கள், நான் தேயிலை ஃபேக்டரிக்கு. இங்கே மழை சொல்லிக்கொண்டு வராது. கொடியில் காயும் துணியை எடுத்து உள்ளே போட ஆள் வேண்டும். ஒவ்வொருவராகத் தம்பியிடம் சாவி கொடுத்தார்கள். ஏழு சாவியும் எங்கள் வாசல் ஆணியில் தொங்கின. மேகம் கறுத்தால் ஓடுவான். எந்தச் சேலை எந்த வீடு என்று தப்பாமல் சொல்வான்.

"எஞ் சேலை எதுன்னு எங்க வீட்டுக்காரருக்கே தெரியாதுய்யா" என்று மூன்றாம் வீட்டு மதினி சிரிப்பார். மருந்தைவிட அந்தச் சிரிப்பில்தான் அவன் தேறினான்.

படத்திலும் ஒருவன் சிகிச்சை முடிந்து வருகிறான். நாலு மாதம் ஒழுங்காக இருக்கிறான். பிறகு பக்கத்து வீட்டுப் பெட்டியை உடைத்துத் திருடி, கடைசியில் ஓடையோரம் செத்துக் கிடக்கிறான். பெட்டி உடைந்தபோதே கிளப்பில் பாதிப் பேர் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். தம்பி அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலையில் மதினி வந்தார். "சாவி குடுய்யா. ஊர்லருந்து தங்கச்சி வாரா." அடுத்த வீட்டில் பூட்டு மாற்றப் போகிறார்களாம். கடைசி வீட்டுக்காரர் மட்டும் உண்மையைச் சொன்னார். "படத்துலயும் நாலு மாசம் நல்லாத்தானய்யா இருந்தான்?"

அவன் நடிகன்யா, செத்துட்டு எந்திரிச்சுச் சாப்பிடப் போயிருப்பான் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. சாயங்காலத்துக்குள் ஏழு சாவியும் போய்விட்டன.

அவர்களை மட்டும் திட்டி என்ன? அதே ஆணியில் எங்கள் பீரோ சாவியும் தொங்கும். மறுநாள் வேலைக்குப் போகும்போது அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மழை கொட்டித் தீர்த்தது. நான் வந்தபோது கொடி முழுக்கத் துணி சொட்டிக்கொண்டிருந்தது. தம்பி வாசலில் உட்கார்ந்திருந்தான். நனைந்து வந்த பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"பாத்துக்கிட்டே இருந்தியாக்கும்? எடுத்துப் போட்டா கை தேஞ்சா போயிரும்?" என்றார் மதினி.

"எங்க போடட்டும் மதினி? எல்லா வீடும் பூட்டிக் கெடக்கு."

"உங்க வீட்டுல போட வேண்டியதுதான?"

"உங்க சேலை எங்க வீட்டுல கெடந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவன் எழுந்து பஸ் ரோட்டைப் பார்த்து இறங்கினான். அந்த ரோட்டில் போனால் அவன் எங்கே போய் நிற்பான் என்று எனக்குத் தெரியும்.

"நில்லுல!" என்று கத்தினேன். லயமே திரும்பியது. "அந்தப் படத்த விட்டுத் தொலைங்க! செத்தவன் அதுலதான் செத்தான். இவன் உசுரோட இந்தா நிக்கான்!"

பையிலிருந்த பீரோ சாவியை எல்லோரும் பார்க்க ஆணியில் மாட்டினேன்.

தம்பி ஆணியைப் பார்த்தான். "ரெண்டு நாளா அது அங்க இல்லண்ணே" என்றான். அவ்வளவுதான். ஆனால் திரும்பி வந்தான்.

மதினி கொடியிலிருந்து ஒரு சேலையை உருவி அதன் ஒரு முனையை அவனிடம் நீட்டினார். "புழியவாவது செய்." இரண்டு பேரும் முறுக்கிப் பிழிந்தார்கள். போகும்போது தன் வீட்டுச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அடுத்த வீட்டுச் சாவி ஒரு வாரம் கழித்து வந்தது.

மற்ற ஐந்தும் இன்னும் வரவில்லை. அந்த வீட்டுத் துணியெல்லாம் மழைக்கு மழை நனைகிறது. நனையட்டும்.