இலையைக் கொதிக்க வைத்துச் சம்பளம் வாங்கினேன்

வெயிலில் வாடும் கடலைச் செடியின் இலைக்குள் கொழுப்பு எவ்வளவு கெட்டுப்போகிறது என்று அளப்பதுதான் என் வேலை. வேலை என்னவென்று ஊருக்கு விளக்கியே பாதி ஆயுள் போனவர்களுக்கு என் பாடு புரியும்.

பெண் பார்த்த இடம்

குரும்பலூரில் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா என்ன உத்தியோகம் என்று கேட்டார். "எண்ணெய் பழசானா சிக்கு வாடை வருமில்லைங்களா? செடி வாடும்போது இலைக்குள்ளயும் அப்படித்தான் ஆகுது. அதை அளக்குறேன்" என்றேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார்.

"அளக்குறதுன்னு ஆயிப்போச்சு. நெலத்த அளக்குற வேலைக்கு எழுதிப் போட்டா என்ன தம்பி?"

முன் சீட்டு

வயல் உடையார்பாளையம் பக்கம், லேப் பெரம்பலூரில். பறித்த இலை வழியிலேயே கெட்டுவிட்டால் கணக்கு தப்பும் என்பதால், வாய் அகன்ற பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, இலையை அதில் வைத்து பஸ் ஏறுவேன். ஒருநாள் நிற்கவும் இடமில்லை. பிளாஸ்க்கை நெஞ்சோடு அணைத்து நின்ற என்னைப் பார்த்து ஒரு பெரியவர், "ஆஸ்பத்திரிக்குத் தானம் குடுத்த கண்ணு கொண்டு போறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டு, எழுந்து இடம் கொடுத்தார். நெரிசலில் நான் சொன்ன பதில் அவர் காதில் விழவில்லை. அரியலூரில் ஐஸ் மாற்ற மூடியைத் திறந்தேன். எட்டிப் பார்த்தார்.

"கடல எலைக்கா சார் இம்மாந்தூரம் நின்னுக்கிட்டு வந்தேன்?"

ரோஸ் கலர்

அரைத்த இலையை ஆசிடோடும் நாற்றம் பிடித்த ஒரு பவுடரோடும் கொதிக்க வைத்தால் ரோஸ் நிறம் வரும். நிறம் ஏற ஏறக் கேடு அதிகம் என்று பொருள். அழகாக ரோஸ் வந்த அன்று எங்கள் புரொபசர் லேப் முழுக்க டீ வாங்கித் தருவார். டீ கொண்டுவரும் அட்டெண்டர் கோவிந்தன் ஒருநாள் டெஸ்ட் டியூபைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"செடிக்குச் சாவு வூடு, நமக்குக் கல்யாண வூடுங்களா சார்?"

வாடாத ரகம்

புது ரகம் ஒன்றை மற்றதோடு சேர்த்துத் தண்ணீர் விடாமல் காயப்போட்டோம். மற்ற செடியெல்லாம் ரோஸ் காட்ட, இதன் டியூப் மட்டும் வெளிறியே நின்றது. வறட்சி தாங்கும் ரகம் கிடைத்துவிட்டதென்று புரொபசர் கட்டுரையே எழுத ஆரம்பித்தார். என் வேலை நீட்டிப்பும் அதை நம்பித்தான் இருந்தது.

ஒரு மத்தியானம் சொல்லாமல் வயலுக்குப் போனேன். நிலத்துக்காரரின் மனைவி செல்லம்மா, எங்கள் புது ரகப் பாத்தியில் தண்ணீர்க் குடத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போய் நின்றேன். அவர் பதறவேயில்லை.

"சாவடிக்கிறதுக்கு எங்க வூட்டுக்காரரு எடம் குடுத்தாரு. என்னால பாத்துக்கிட்டுப் போவ முடியலைங்க. புதுசா இருக்கேன்னு இதுக்கு மட்டும் ஊத்துனேன்."

புரொபசர் அறை

ஒரு பருவமே வீண். சொல்லாமல் விட்டால் கட்டுரை அச்சாகும், வேலையும் நிலைக்கும். பஸ்ஸில் வழியெல்லாம் அந்த ஆசை இருந்தது. ஆனால் அதை நம்பி எவனாவது தண்ணீரில்லாத கரம்பில் விதைத்து நட்டப்படுவானே. இறங்கியதும் புரொபசரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் எழுதிய தாள்களை நிதானமாக நான்காகக் கிழித்தார். மறு பருவம் மொட்டைமாடியில் தொட்டி வைத்து முதலிலிருந்து செய்தோம். புது ரகமும் மற்றதைப் போலவே ரோஸ் காட்டியது. அன்றைக்கு டீ வரவில்லை. எனக்கு ஒரு வருஷ நீட்டிப்பு மட்டும் எப்படியோ வாங்கித் தந்தார் புரொபசர்.

"ரகத்துல ஒண்ணும் குறையில்லப்பா. தண்ணி ஊத்துனா நல்லாத் தாங்குது."

செடி எவ்வளவு நொந்துபோனது என்று காட்ட ஒரு நிறம் இருக்கிறது, அளக்கிறவன் நொந்ததைக் காட்டத்தான் இன்னும் எவனும் ஒரு பவுடர் கண்டுபிடிக்கவில்லை.