பரபாஸ் வேஷத்துக்கு அனுமதி

சிறைக்குள் நடக்கும் நிகழ்ச்சியில் தண்டனைக் கைதி ஒருவர் வெளியாருடன் சேர்ந்து நடிக்க வேண்டுமானால், தலைமையிடத்தின் எழுத்துமூலமான முன் அனுமதி வேண்டும். வாய்மொழி உத்தரவு செல்லாது. மத்திய சிறை ஒன்றில் நிர்வாக அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். இந்த விதியை எத்தனையோ பேருக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

திருப்பூரில் எங்கள் சபை நாடகக் குழுவில் நான்தான் பரபாஸ்; இயேசுவுக்குப் பதிலாக ஜனங்கள் கேட்டு விடுவித்த கொலைகாரன். விலங்கைக் கழற்றியதும் கைகளை விரித்துக்கொண்டு ஆலயத்தின் நடுப்பாதையில் வாசல்வரை ஓடுவேன். சிலுவையைவிட என் ஓட்டத்துக்குத்தான் கைதட்டல் அதிகம் என்று இயேசுவாக நடிப்பவரே குறைப்பட்டிருக்கிறார்.

அந்த நாடகத்தை நான் வேலை பார்த்த சிறையில் போடலாம் என்றவர் குழுவை நடத்தும் செல்வின். தெற்கத்திக்காரர், பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். நடைமுறைகளை என்னிடம் விட்டார். கயிறு கூடாது, கம்பி கூடாது. தண்டனைக் கைதிகளின் உடுப்பு வெள்ளை என்பதால் வெள்ளை அங்கியும் கூடாது. மாலைக் கணக்கெடுப்பில் இயேசுவையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள். செல்வின் கம்பெனியில் ரிஜெக்ட் ஆன மெரூன் துணியில் அங்கி தைத்தோம்.

ஒத்திகைக்குப் போன அன்று, கைதி ஒருவரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் கண்காணிப்பாளர். தர்மராஜ் என்ற ஆயுள் கைதியைக் கூப்பிட்டு நிறுத்தினார். மங்கலத்தில் தறி ஓட்டியவர். எந்த வேஷம் வேண்டும் என்று செல்வின் கேட்டார்.

"பரபாஸுங்க. அவனுக்குத்தானுங்க விடுதலை."

நான் விதியைச் சொன்னேன்.

"அனுமதிக்கு எழுதிப் போட்டுடலாங்க சார். வர்றப்ப வரட்டும்" என்றார் கண்காணிப்பாளர். "நீங்கதான் ரிட்டயர் ஆயிட்டீங்கல்ல, நிம்மதியா உக்காந்து பாருங்க."

கடிதத்தின் வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன். தலைமையிடத்தை எனக்குத் தெரியும். நாடக நாளுக்குள் மறுப்பு வந்துவிடும் என்று நம்பினேன். வரவில்லை. இதற்கிடையில் தர்மராஜுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் செல்வின் என் தலையில் கட்டினார். கற்றுக்கொடுத்தேன். கைகளை விரிப்பதை மட்டும் சொல்லவில்லை.

நாடகத்தன்று விலங்கு கழன்றது. தர்மராஜ் ஓடவில்லை. எதிரே சிறை மைதானம் திறந்து கிடந்தது. அவரோ மணிக்கட்டுகளை மறுபடியும் சேர்த்து வைத்துக்கொண்டு, ஓரத்தில் நின்ற வார்டரைப் பார்த்தார். நாடகம் என்பதை மறந்து வார்டர் தலையை ஆட்டினார். அதன் பிறகுதான் தர்மராஜ் மெதுவாக நடந்தார். யாரும் கைதட்டவில்லை. முன்வரிசைக் கைதிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

ஏன் ஓடவில்லை என்று பிறகு கேட்டேன்.

"கழட்டி உட்டா மட்டும் போதுங்களா? போன்னு ஆராச்சும் சொல்லோணுமில்லீங்க."

விடுதலையாகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு என் மேஜை முன்னால் அப்படித்தான் நிற்பார்கள். 'போகலாம்' என்று சொல்கிற ஆளே நான்தான். பணிக்காலம் முழுக்கப் பார்த்தது எனக்கு மேடையில் தோன்றவில்லை, அவருக்குத் தோன்றிவிட்டது. திரும்பும் வழியெல்லாம் வேனில் தர்மராஜ் பேச்சுதான். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வருஷப் பெரிய வெள்ளியன்று சபையில் நான் வழக்கம்போல் ஓடினேன். வழக்கம்போல் கைதட்டினார்கள், செல்வினைத் தவிர.

"நல்லாத்தான் ஓடுதிய சார்" என்றார்.

சிறை அலுவலக வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். கையெழுத்தைச் சரிபார்க்கும்போது போட்டவர் முகத்தையும் பாருங்கள். ஓய்வுக்குப் பிறகு வேஷம் கட்ட உதவும்.

தலைமையிடத்தின் பதிலைக் கண்காணிப்பாளர் எனக்கு அனுப்பி வைத்தார். விடுதலைக் காட்சியில் கைதி நடிக்க அனுமதி இல்லை. அந்த வேஷத்தை வெளியார் ஒருவரே ஏற்க வேண்டும். விதிப்படி சரியான பதில். நான் ஆசைப்பட்டதும் அதுதான். வந்து சேர்ந்த நாள்: ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை.